தேங்காய் நாரும் கறுப்புக் காரும்

“பட்டப்பகல்ல கொலை பண்றான் பாரு! நம்ம கண்ணு முன்னாடியே பண்றான்!” ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார் வறீது.

லிஜி சமையலறையிலிருந்து ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் சுகதன், கொளுத்துகிற வெயிலில் தன் பெரிய கறுப்புக் காரை நிறுத்தி, பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரை வாளியில் கரைத்துக்கொண்டிருந்தான்.

“அவர் கார், அவர் கழுவறார். உங்களுக்கு என்ன அப்பச்சா?”

“எனக்கு என்னவா?” வறீதுக்கு மூக்கு விடைத்தது. குவைத்தில் ஒரு ஷேக் வீட்டில் இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டியவர் அவர். மணல் புயலில் அடிபட்டு வந்த வண்டிகளைக்கூட ஒரு கீறல் விழாமல் கழுவி நிறுத்தியவர். சாலக்குடிக்குத் திரும்பிய பிறகும் வாடகைக் கார் ஓட்டியவரை, போன மழையில் பாசியில் வழுக்கி விழுந்தது வீட்டில் உட்கார வைத்துவிட்டது.

வலது தோளில் முறிந்த எலும்பு கூடிவிட்டது. ஆனால் கை நெஞ்சுக்கு மேல் எழவில்லை. இந்த மாதத்துக்குள் அசைத்துப் பழகாவிட்டால் அப்படியே இறுகிவிடும், ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த இரண்டு பேரையும் அவர் விரட்டியடித்தாயிற்று. “சுவத்துல விரலை நடக்க விடணுமாம்! அசைச்சா உயிர் போகுது, இவனுகளுக்கு விளையாட்டா இருக்கு! மூணாவதா எவனாவது வாசப்படி ஏறட்டும், அப்புறம் இருக்கு!” காலையில்கூட அப்பனுக்கும் மகளுக்கும் இதே சண்டைதான். இரண்டு பேர் காப்பியும் ஆறிப்போனது.

“ஐயோ, தேங்காய் நாரை எடுக்கிறான்டி!”

செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைத் தாண்டினார் வறீது.

“யோவ், நிறுத்துய்யா! இது காரா, மீன் சட்டியா?”

சுகதன் திருதிருவென்று விழித்தான். “அழுக்கு போகணுமே சேட்டா.”

“அழுக்கும் போகும், கூடவே பெயின்ட்டும் போகும்! இந்தச் சோப்பை ஊத்தினா மேல இருக்கிற மெழுகுப் பூச்சு மொத்தமும் கரைஞ்சிடும். வெயில்ல கழுவினா தண்ணி அப்படியே காஞ்சு திட்டுத் திட்டா கறை நிக்கும். போர்ட்டிகோ நிழலுக்குத் தள்ளுய்யா வண்டியை! உனக்கெல்லாம் எவன் கறுப்பு வண்டி வித்தான்?”

சுகதன் காரை நிழலில் விட்டுச் சக்கரத்தைத் துடைத்துவிட்டு, அதே துணியைக் கதவின் மேல் வைக்கப் போனான்.

“அடப்பாவி! கால் கழுவின தண்ணியிலதான் மூஞ்சி கழுவுவியா நீ? லிஜி, என் கம்பளிக் கையுறையையும் ரெண்டு வாளியையும் கொண்டா!”

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் லிஜி எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தாள். கார் ஷாம்பூவையும் மறக்கவில்லை.

“கேட்டுக்கோ. ஒரு வாளியில ஷாம்பூ, இன்னொண்ணுல வெறும் தண்ணி. தேய்ச்ச கையுறையை முதல்ல வெறும் தண்ணியில அலசணும், அப்புறம்தான் ஷாம்பூவுல முக்கணும். இல்லேன்னா எடுத்த மணலையே திரும்பத் தேய்ச்சிக்கிட்டு இருப்பே. கை வைக்கிறதுக்கு முன்னாடி தண்ணியடிச்சு மண்ணை இறக்கு. அப்புறம் டாப்புலேர்ந்து கீழே வா.”

“டாப் எனக்கு எட்டலையே சேட்டா.”

“தென்னை மரம் மாதிரி வளர்ந்து நிக்கறே, எட்டலையா? தள்ளு அந்தப் பக்கம்!”

சுகதன் தள்ளி நின்று தண்ணீர்ப் பைப்பை அவருடைய இடது கையில் திணித்தான். கோபத்தில் வறீதுக்குத் தலைகால் புரியவில்லை. கையுறையை வலது கையில் மாட்டிக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார்.

“வட்டமா தேய்க்கவே கூடாது. நேரா, முன்னாலேர்ந்து பின்னாலே, இப்படி! அழுத்தாதே. கையுறையோட கனமே போதும்.”

“இன்னொரு தடவை காட்டுங்க சேட்டா.”

“காரைப் பாருய்யா! என் மூஞ்சியை என்ன பாக்கறே? மூஞ்சியிலயா அழுக்கு இருக்கு?”

“நடுவில இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கே...”

“தெரியுது, தெரியுது! எனக்கே சொல்லித் தரியா? உன்னை மாதிரி ஆளை குவைத்துல மறுநாளே பிளேன் ஏத்தி அனுப்பிடுவாங்க!”

திட்டிக்கொண்டே டாப்பை முடித்தார், கண்ணாடிகளை முடித்தார், நாலு கதவையும் முடித்தார். சக்கரத்துக்கு வேறு துணி, வேறு தண்ணீர். கடைசியில் மெத்தென்ற துண்டை விரித்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தார். ஒன்றரை மணி நேரம் ஓடியிருந்தது. வாய் மட்டும் ஓயவில்லை.

“நாளைக்கு மெழுகு போடணும். நீ தொட்டுடாதே, நானே வரேன். மறுபடி அந்த நாரோட உன்னைப் பார்த்தேன், நடக்கிறதே வேற!”

வந்த வேகத்திலேயே வீட்டுக்குத் திரும்பினார். “அறிவுகெட்டவன், அறிவுகெட்டவன்” என்று முனகிக்கொண்டே குளிக்கப் போனார்.

குளியலறைக் கதவு படாரென்று சாத்தும் வரை லிஜி வாசலிலேயே காத்திருந்தாள். சாத்தியதும், வாளிகளை எடுக்கிற சாக்கில் எதிர்வீட்டுக்கு ஓடினாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ஒரு தடவைகூட வலிக்குதுன்னு சொல்லலை, டாக்டர்!”