நிற்காமல் ஏறிய கோடு

கருவியின் மூடியைத் திறந்து, சோப்புத் தண்ணீர் கலந்த மருந்துக் குப்பியை உள்ளே வைக்கப் போனாள். ஆய்வுக்கூட இயக்குநர் குறுக்கே கையை நீட்டினார்.

கீழே நாற்காலி இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் விழா. புதிய மருந்து மூலக்கூறு, நோய்க்குக் காரணமான புரதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது என்று அறிவிக்கப் போகிறார்கள். அறிவித்துவிட்டால் அது இந்தக் கூடத்தை விட்டுப் புறப்பட்டுவிடும். என்றைக்காவது ஒரு நோயாளியின் உடம்பில் போய்த்தான் நிற்கும்.

அந்த மூலக்கூறைச் செய்தவர் அவளுடைய கணவர். மேல்மாடி வேதியியல் கூடத்தில் ஆறு வருடம் அதையே கட்டிக்கொண்டு அழுத மனிதர்.

சோதித்துச் சொல்வது அவள் வேலை. தங்கம் பூசிய சின்னச் சில்லின் மேல் புரதத்தைப் பதித்து, மருந்துக் கரைசலை அதன் மீது ஓடவிடுவாள். மூலக்கூறு ஒட்ட ஒட்டத் திரையில் கோடு ஏறும்.

நேற்று ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மூலக்கூறு போய் உட்கார ஒவ்வொரு புரதத்திலும் இருப்பது ஒரே ஒரு குழி. குழிகள் நிரம்பியதும் கோடு நின்றாக வேண்டும். இதுவோ, சீட்டெல்லாம் நிறைந்த பிறகும் படியில் தொற்றுகிற பஸ் கூட்டம் மாதிரி ஏறிக்கொண்டே இருந்தது.

அப்படியென்றால் மூலக்கூறுகள் தண்ணீரில் திரண்டு, கட்டி கட்டியாகப் போய் அப்பிக்கொள்கின்றன. எதன் மேல் விட்டாலும் அப்பும். துளி சோப்பு சேர்த்தால் கட்டி கரைந்துவிடும். பொய் ஒட்டு போய்விடும், மெய் ஒட்டு நிற்கும்.

இதைச் சொன்னதிலிருந்து அவளுக்கு ஏச்சுதான். வீட்டுச் சண்டையை வேலைக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்று ஒருத்தி சிரித்தாள். தாலி கட்டினவன் தலையிலேயே கல்லைப் போடுகிறாளே என்றார் இன்னொருவர். இயக்குநர் பதமாகத்தான் சொன்னார். விழா முடியட்டும், நாளைக்கு ஓட்டிப் பார்க்கலாம், அந்த மனிதர் மனசையும் நினைக்க வேண்டாமா என்றார்.

நாளைக்கு ஆகாது என்றாள். வேலையை விட்டே அனுப்பினாலும் சரி, ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவேன் என்றாள்.

அவர் கை மெல்ல விலகியது.

கடவுளே, பொய்யென்றால் இந்தச் சில்லோடு போகட்டும். யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையின் உடம்பில் வேண்டாம்.

கரைசல் ஓடியது.

கோடு எழும்பவே இல்லை. தரையோடு தரையாகக் கிடந்தது.

இயக்குநர் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிடிவாதமெல்லாம் வடிந்து, பெற்றவரைப் போலக் கேட்டார்.

"வீட்டுக்குப் போய் அவர் முகத்துல எப்படிம்மா முழிப்பீங்க?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் மட்டும் இறங்கவில்லை.

"சோப்புத் தண்ணிய அளந்து கலந்து குடுத்ததே அவர்தான் சார். ஒரு தடவை பாத்தா நீங்க நம்ப மாட்டீங்கன்னு, மூணு தடவைக்குக் குடுத்திருக்காரு."