பாமாவுக்கு விழுந்த ஓட்டு

“நம்ம ஸ்கூல் பூத்துல ஒண்ணு” என்று விரலைத் தூக்கிக் காட்டினான் பட்டாபிராமன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஓட்டு எண்ணும் இடத்திலிருந்து நேரே வருகிறான். கட்கியில் குடியிருப்பவன்; அக்கா பாமா இருக்கும் ஆகுர்டியில் அவனுக்கு ஓட்டே கிடையாது. அவள் கார்ப்பரேஷன் தேர்தலில் நிற்கிறாளே என்று லீவு போட்டுவிட்டு ஏஜென்டாக உட்கார்ந்திருந்தான்.

பாமா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

முகம் தெரியாத தெருவிலெல்லாம் பத்தும் பதினைந்துமாகப் போட்டிருக்கிறார்கள். வாசல் வாசலாக அவள் ரசப்பொடி கொடுத்து வளர்த்த சொந்தக் காலனியில் ஒன்றே ஒன்று. நன்றாயிருக்கிறது!

கூடத்தில் அவள் புருஷன் சந்திரமௌலியோடு யூனியன்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். தங்கள் வேட்பாளர் சுனந்தா ஜெயித்ததற்குப் பேடா கொண்டுவந்திருந்தார்கள். தோற்றவள் வீட்டுக்கே கொண்டுவரலாமா என்றெல்லாம் அவர்களுக்குத் தோன்றவில்லை. மௌலி அவர்களுடைய ஆள் அல்லவா!

அந்த ஒன்று அண்ணியே போட்டுக்கொண்டதுதான் என்று ஒருவர் இந்தியில் சொல்ல, இன்னொருவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

மௌலி சிரிக்கவில்லை. “சரியாப் பார்த்தியா பட்டாபி? ஒண்ணுதானா?” என்று கேட்டார். திரும்பவும் கேட்டார்.

பட்டாபிக்குச் சுள்ளென்று வந்தது. கேலி வேறா?

“ஏன் அத்திம்பேர், சொந்தப் பொண்டாட்டிக்கு ஒரு ஓட்டுப் போட மனசு வரலையா உங்களுக்கு?”

மௌலி பேடாப் பெட்டியை மூடி ஓரமாக நகர்த்தினார்.

அவர் என்ன சொல்வார், பாவம்! வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதும் யூனியன் தலைவர் தன் மனைவி சுனந்தாவை நிறுத்தினார். அதே வாரம், குழாயில் தண்ணீர் வராத எரிச்சலில், காலனிப் பெண்கள் உசுப்பிவிட்டு, பாமாவும் மனுப் போட்டுவிட்டாள். ஃபாக்டரி வாசலில் அத்தனை பேர் நடுவில், என் ஓட்டு யூனியனுக்குத்தான் என்று மௌலி சொல்லும்படி ஆயிற்று. அதை வீட்டுக்கு வந்து அவளிடமும் சொன்னார். அந்த மட்டும் நேர்மையான மனுஷர்.

அன்றிலிருந்து பாமா அவரிடம் சாப்பிட வாங்கோ என்பதற்கு மேல் பேசவில்லை.

ஜெயிப்போம் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. கார்ப்பரேஷனில் போய் உட்கார்ந்து அவள் என்ன பண்ணப்போகிறாள்? இந்த மனுஷர் ஒரு ஓட்டுப் போட்டால் போதும் என்று இருந்தது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்காமல் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

காலனிப் பெண்களை அவள் குற்றம் சொல்லவில்லை. லீலாவின் மகனுக்கு ரஞ்சன்காவ் ஃபாக்டரியில் வேலை வாங்கிக் கொடுத்தது சுனந்தாவின் புருஷன். லீலா வேறு யாருக்குப் போடுவாள்? வனஜா அவசரத்தில் பாமாவின் சின்னமான கெட்டில் என்று நினைத்து அடுத்த சின்னத்தில் குத்திவிட்டாளாம். சரசா சொன்னதுதான் உச்சம். மாமி எப்படியும் ஜெயித்துவிடுவார்கள், சுனந்தாவும் பாவம்தானே என்று அவளுக்கு ஒன்று போட்டுவிட்டாளாம். இவர்களை வைத்துக்கொண்டு தேர்தலில் நின்றால் இப்படித்தான்!

பாமா உள்ளே போய் டீக்குப் பால் வைத்தாள்.

அந்த ஒன்று அவள் போட்டதில்லை.

ஓட்டு நாளன்று மறைப்புக்குள் போய் ரப்பர் முத்திரையைக் கையில் எடுத்தாள். சீட்டில் அவள் பெயரும் கெட்டிலும் பளிச்சென்று இருந்தன. அங்கே குத்த அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பந்தியில் எல்லாரும் காத்திருக்கத் தன் இலையில் தானே முதலில் பரிமாறிக்கொள்கிறவள் உண்டா? சீச்சீ என்று பக்கத்துப் பெயரில் குத்தி, மடித்துப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். பக்கத்துப் பெயர் சுனந்தா. வெளியே வந்ததும் அசட்டுத்தனம் என்று தெரிந்தது. யாரிடம் சொல்வது?

அப்படியானால் இந்த ஒன்று யாருடையது?

கீழ்வீட்டுப் பஞ்சாபிக் கிழவரோ, வழி தவறி வந்த எவனோ. யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். அவராகவும் இருக்கலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் வாக்குக் கொடுத்தால் மாறுகிறவர் இல்லையே என்றும் உடனே தோன்றியது. கேட்கவும் முடியாது. கேட்டால் தன் வண்டவாளம் வெளியே வந்துவிடும்.

யூனியன்காரர்கள் டீ குடித்தார்கள். சொன்ன சொல் காப்பாற்றியவன் என்று மௌலியின் முதுகில் தட்டிவிட்டுக் கிளம்பினார்கள். பட்டாபி அத்திம்பேரிடம் சொல்லிக்கொள்ளாமலே ஸ்கூட்டரை உதைத்தான்.

மௌலி வாசல் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார்.

சமையலறைக்கு வந்தவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். திட்டப்போகிற முகமா, அழப்போகிற முகமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு, சுவருக்குக்கூடக் கேட்கக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“ஏண்டி, ரெண்டு ஓட்டுன்னா வந்திருக்கணும்? நீ யாருக்குப் போட்டுத் தொலைச்சே?”