கடை வாசலில் எண்ணெய்ச் சொட்டு

படகுத்துறைக் கடை வாசலில் குனிந்து, தரையில் கிடந்த பழுப்புச் சொட்டை விரலால் தொட்டு மோந்து பார்த்தாள் மாரிட். சந்தேகமே இல்லை. முந்தாநாள் அப்பாவின் பழைய வேனுக்கு அவளே பீய்ச்சியடித்த துருத்தடுப்பு எண்ணெய்தான்.

தகடுகளுக்கு உள்ளே அடித்த எண்ணெய் நாலைந்து நாள் அடியில் கசிந்துகொண்டே இருக்கும். அதற்காகவே வேனுக்கு அடியில் அட்டை விரித்திருந்தாள். வேன் நிற்பது வீட்டில். சொட்டு எப்படி இங்கே?

நேற்று அவள் பெயின்ட் வாங்கப் பெர்கன் நகரத்துக்குப் போயிருந்தபோது அப்பா வண்டியை எடுத்திருக்கிறார். பார்வை மங்கிவிட்டது, இனி ஸ்டியரிங்கையே தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன அப்பா! பள்ளிப் பிள்ளைகள் யாராவது குறுக்கே வந்திருந்தால்?

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, வேன் கதவைத் திறந்து ஏறினாள். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. எரிச்சலோடு இருக்கையைப் பின்னால் தள்ளிவிட்டுச் சாவியைத் தேடினாள். இல்லை.

சமையலறையில் அப்பா ஓட்வார் நெடிய கால்களை நீட்டிக் காபி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா போர்கில் அடுப்பில் மீன் வடை பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, சாவியைக் குடுங்க."

"எங்கிட்ட ஏது?"

"பொய் சொல்லாதீங்க. கடை வாசல்ல சொட்டு கிடக்கு. நேத்து வண்டியை எடுத்தீங்கதானே?"

"நானா? கப்பு எங்க முடியுது, மேசை எங்க ஆரம்பிக்குதுன்னே எனக்குத் தெரியல."

"இதுக்குத்தான் வித்துத் தொலைங்கன்னேன். நாளைக்கு வாங்க ஆள் வரான். அப்புறம் ரெண்டு பேரும் பெர்கன்ல என் பக்கத்து ஃபிளாட்டுக்கு வந்துடணும். வண்டி இல்லாம இந்தத் தீவுல எப்படி இருப்பீங்க?"

ஓட்வார் சிரித்தார். "துருவைக் கொஞ்சம் பாரும்மான்னு மூணு வருஷமா கூப்பிட்டேன், எட்டிப் பாத்தியா? விக்கிறோம்னதும் வெல்டிங் மெஷினைத் தூக்கிட்டு ஓடி வந்துட்டே!"

"பின்னே? கதவுக்குக் கீழே கை நுழையுற ஓட்டை. அதை அப்படியே வச்சா எவன் வாங்குவான்?"

அம்மா வடையைத் திருப்பிப் போட்டாள். "ஏன்டி, எண்ணெய் எல்லா மூலைக்கும் போயிடுச்சா? எத்தனை குளிர்காலம் தாங்கும்?"

"வருஷா வருஷம் அடிச்சா பத்து வருஷம் தாங்கும். இப்ப அதுவாம்மா முக்கியம்? அப்பா யாரையாவது இடிச்சிருந்தா?"

"பத்து வருஷமா!" அம்மா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, ஏப்ரன் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அவரைத் திட்டாதே. ஓட்டினது நான். லைசென்ஸ் வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு. நாளைக்கு வரவனுக்குப் போன் போட்டு, வர வேண்டாம்னு சொல்லிடு."

மாரிட் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீயா? அறுபத்தேழு வயசுல? ஏம்மா, இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா, அந்தத் துருவை யாருடி சரி பண்ணியிருப்பா?"