மிஸியின் தூக்கம்

நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, தலையைச் சுவரில் சாய்த்து, வாயை லேசாகத் திறந்தபடி மிஸி நல்ல தூக்கத்தில் இருந்தாள்.

ஃபஸ்லானுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

கடலே கதியென்று இருந்த வாப்பா புற்றுநோயில் படுத்துவிட்டார். இனி வைத்தியம் செய்தும் பிரயோசனமில்லை என்று டொக்டர்மார் கைவிரித்துவிட்டார்கள். வேதனை தெரியாமல் வைத்திருக்க, வீட்டுக்கே வந்து மருந்து கொடுத்துப் புண்ணுக்குக் கட்டுப்போடும் தாதிதான் இந்த றோசலின் மிஸி. வந்த இடத்தில், பட்டப்பகலில் தூக்கம்.

அதுகூடப் பரவாயில்லை. வீட்டில் இருந்த ஒரே ஃபேன் அவள் பக்கம் திரும்பியிருந்தது. வாப்பா வேர்த்து வழியக் கிடந்தார்.

கத்தாரில் இருந்து லீவில் வருபவர்களுக்கு வீட்டில் உள்ள பிழையெல்லாம் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும். ஆனாலும் இதைப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த உம்மாவிடம் போனான்.

"உம்மா, அந்த மிஸி தூங்குறா."

"தெரியும். சத்தம் போடாத மகன்."

பாவம், உம்மா மிஸிக்குப் பயந்து கிடக்கிறா என்று நினைத்துக்கொண்டான். திரும்பி வந்து போனில் ஒரு படம் எடுத்தான். முற்றத்துக்குப் போய், இந்த மிஸிமாருக்கெல்லாம் பொறுப்பான மர்ளியா மிஸிக்கு அழைத்தான்.

"வேலைல தூங்குறாவா?" அந்தப் பக்கத்துக் குரல் இறுகியது. "படத்த அனுப்புங்க தம்பி. உண்மையெண்டா அவட வேலையே போகும்."

போகட்டும் என்றுதான் இருந்தது அவனுக்கு. ஆனால் ஆளை எழுப்பி நாலு வார்த்தை கேட்டால்தான் மனம் ஆறும்போல இருந்தது. அறைக்குள் போய்க் கதிரையை உலுக்கக் கையை நீட்டினான்.

வாப்பா கையை உயர்த்தித் தடுத்தார். ஒரு வாய்த் தண்ணி குடிக்கவே கையைத் தூக்க முடியாத மனிதர்.

"எழுப்பாத."

"நீங்க வேதனையில கிடக்கிறீங்க, இவ தூங்குறாவே வாப்பா."

"எனக்கு வேதனை இல்ல. மருந்து தந்து, கட்டுப்போட்டு, வேலையெல்லாம் முடிச்சிட்டுப் போகத்தான் எழும்பினா. வேதனை அடங்கல்ல, கொஞ்சம் இருங்கண்டு நாந்தான் பொய் செல்லி இருக்க வெச்சன். ஃபேன அங்கிட்டுத் திருப்பச் செல்லினதும் நாந்தான்."

"எதுக்கு?"

வாப்பா மூச்சு வாங்கினார்.

"விடிய, கண்டக்குழி ஊர்ல ஒரு நோயாளிப் பொம்புள இந்தப் புள்ளட கையப் பிடிச்சிக்கிட்டே உசிர உட்டு மவுத்தாப் போனாவாம். மையத்து வீட்டால நேரா இஞ்சதான் வந்திரிக்கா. வாயத் திறந்து ஒண்டும் செல்லல்ல. அவவக் கூட்டி வந்த வேன் டிரைவர்தான் உம்மாக்கிட்டச் செல்லியிரிக்கான். வந்து, என்னப் பாத்துச் சிரிச்சிக்கிட்டு, ராவு நல்லாத் தூங்கினீங்களாண்டு கேக்கிறா."

ஃபஸ்லான் மிஸியைப் பார்த்தான். தூக்கத்திலும் அவள் புருவம் சுருங்கியே இருந்தது.

"களைப்பாறுங்கண்டு செல்லிப் பாத்தன், கேக்கல்ல. நோயாளிக்கு வேதனையெண்டாத்தான் கதிரையில இருப்பா."

ஃபஸ்லானுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எடுத்த படத்தை அழித்தான். அழித்து முடிக்கவில்லை, போன் அலறியது. அவசரமாக எடுத்தான்.

"படத்தைக் காணல்லயே தம்பி?" மர்ளியா மிஸியின் குரல் அறைக்கே கேட்டது.

"அழிச்சிட்டன் மிஸி. நான் பிழையா விளங்கிட்டன்."

"அப்ப அவ தூங்கல்லயா?"

ஃபஸ்லானுக்குப் பொய் வரவில்லை. "தூங்குறாதான்."

"என்ன கதை இது? அவ தூங்கினா, அங்க யாரு முழிச்சிரிக்கிற?"

வாப்பா போனைக் கேட்டார். ஃபஸ்லான் அதை அவர் காதோடு வைத்துப் பிடித்தான்.

"நோயாளிதான் கதைக்கிறன் மிஸி" என்றார் வாப்பா, இரகசியம் பேசுவதுபோல. "கடலுக்கு ரெண்டு பேரு போனா, ஒருத்தன் படுக்க, மத்தவன் முழிச்சிரிப்பான். இவ்வளவு நாளும் இந்தப் புள்ள முழிச்சிருந்திச்சி. இண்டைக்கு என்ட முறை. நீங்க கொஞ்சம் மெதுவாக் கதைங்க, புள்ள எழும்பிரும்."