ஒரு தப்பாவது

"ஒரே ஒரு தப்பு கண்டுபுடிச்சுக் குடுங்க டீச்சர். போதும்."

கலீல் ரஹ்மான் ஜெராக்ஸ் தாள் ஒன்றை மேசைமேல் விரித்தார். பூட்டு ரிப்பேர் செய்பவர்; விரல் இடுக்கெல்லாம் கறுப்பு. மகள் ரூபீனா இந்தப் பள்ளியில்தான் எட்டாவது படிக்கிறாள்.

சமூக அறிவியல் டீச்சர் மணிமொழி குனிந்து பார்த்தாள். பென்சிலில் வரைந்த தெரு. மலையிலிருந்து இறங்கும் ஓடை, அதன் கரையில் பத்தொன்பது வீடுகள்.

"என்ன பாய் இது?"

"நோட்டீஸோட வந்துச்சு. ஓடைய மறிச்சுக் கட்டியிருக்கோமாம். பதினஞ்சு நாள்ல காலி பண்ணணுமாம். படத்துல ஒரு அளவு கம்மி ஜாஸ்தியா இருந்தாக்கூட தடை வாங்கிரலாம்னு வக்கீல் சொல்றாரு. உங்க ஞாபகம்தான் வந்துச்சு."

மணிமொழி ஸ்கேலை எடுத்தாள். ஆனால் அளக்கவில்லை.

"உங்க பின்சுவருக்கும் ஓடைக்கும் நாலடின்னு போட்டிருக்கு."

"நாலடிதான்."

"ஜோதியம்மா வீட்டு பாத்ரூம்?"

"ஓடை மேலதான் இருக்குது. அதையும் போட்டிருக்கான் பாருங்க. ஆபீஸ்லருந்து டேப்பு புடிச்சிக்கினு ஒருத்தன் வரல டீச்சர். ஆனா வூட்டுக்குள்ள பூந்து பாத்த மாதிரி போட்டிருக்கான். முருங்க மரத்தக்கூட விடல."

"தப்பு எதுவும் இல்ல பாய்."

"இன்னொரு தபா பாருங்க."

"பாத்துட்டேன்." அவள் குரல் இறங்கியது. "ரூபீனாவுக்குத் தெரியுமா?"

"சொல்லல. உங்க பாடம்னா அவளுக்கு உசுரு. ராஜா கதை மட்டும் சரித்திரம் இல்ல அத்தா, நம்ம தெருவும் சரித்திரம்தான்னு சொல்லுவா. போன வருஷம் நோட்டும் கையுமா வூடு வூடாப் போய்க் கேள்வி கேட்டாளே, அதுக்குக் கலெக்டர் ஆபீஸ் கண்காட்சியில குடுத்த பரிசுக் கப்ப கடையிலதான் வெச்சிருக்கேன். அவகிட்டப் போய், தெருவே இருக்காதும்மான்னு எப்படிச் சொல்றது?"

மணிமொழி ஜன்னல் பக்கம் பார்த்தாள். இடைவேளை மணி அடித்தது.

"பௌர்ணமி தவறாம கிரிவலம் போறவங்களுக்குத் தண்ணி குடுக்கிற தெரு டீச்சர் அது. இத போட்டவன் கையில கெடச்சா ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். எங்க வூட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சிருந்தா இப்படிப் போட்டிருப்பியாடான்னு."

தாளை மடிக்கப் போனவர் நிறுத்தினார். கீழே, பெயர் எழுதும் ஓரம் நகலில் விழவில்லை. மேல் மூலையில் மட்டும் கறுப்பாக, மங்கலாக இரண்டு வரிக் கிறுக்கல்.

"இது எந்த ஆபீசர் எழுதுனது டீச்சர்? எனக்குப் படிக்க வரல."

மணிமொழிக்குப் படிக்க வேண்டியிருக்கவில்லை. ரூபீனா வரைந்து, கண்காட்சிக்குப் போய்த் திரும்பி வராத படத்தில், போன வருஷம் தன் கையாலேயே சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தது அது: 'அருமை, ரூபீனா. ஒரு தப்புகூட இல்லை.'