உள்ளே ஓடிக்கொண்டிருந்தது

"இதுக்கு ஒரு வழி பண்ணுங்க அண்ணே. கேம்ல எதிரி துப்பாக்கியைத் தூக்கறான், நான் குறி வைக்கறதுக்குள்ள படம் அப்படியே நின்னு போகுது. மறுபடி ஓடறப்ப பாத்தா நான் பொணமா கிடக்கறேன்!"

மான்சு சொன்ன விதத்தில் தேஹோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யோங்சான் மின்னணுக் கடைத்தொகுதியில் மடிக்கணினிகளைப் பிரித்துப் போட்டே தலை நரைத்தவர் அவர். வரும்போதே கடைக்காரனுக்கும் ஒரு டப்பா குளிர்காப்பி வாங்கி வரும் வாடிக்கையாளரை அவர் அதிகம் பார்த்ததில்லை.

மான்சுவுக்குப் பின்னால் அவன் மனைவி போரா கைப்பையை அணைத்தபடி நின்றிருந்தாள். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் தேஹோ வெறும் பனியனோடு இருந்தார். அவளோ மணிக்கட்டு வரை மூடிய சட்டை போட்டிருந்தாள்.

"வீட்ல வேற யாராவது இதைத் தொடறது உண்டா?" என்று கேட்டார்.

"யாரு, இவளா? இவளுக்கு ஆன் பண்ணக்கூடத் தெரியாது. என்ன, தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றாள் போரா, தரையைப் பார்த்து.

தேஹோ மான்சுவின் மடிக்கணினியில் அந்த விளையாட்டை ஓடவிட்டார். விசிறி பெரிதாக இரைந்தது. படம் நாலடி ஓடி ஒரு தரம் திக்கியது. எது இப்படிச் சக்தியை உறிஞ்சுகிறது என்று பின்னணி வேலைகளைத் திறந்து பார்த்தார். விளையாட்டுக்குச் சமமாக இன்னொன்று தின்றுகொண்டிருந்தது. 'ஒலி உதவி' என்று சாதுவான பெயர்.

அது இருக்கும் இடத்தைத் தேடிப் போனவரின் விரல் அப்படியே நின்றது. அடுக்கடுக்காக ஒளிப்பதிவுகள், எல்லாமே இந்த மடிக்கணினியின் கேமராவில் எடுத்தவை. சின்னச் சின்னக் கட்டங்களில் ஒரே சமையலறை வாசல். சுவரோடு ஒட்டி நிற்கும் ஒரே பெண், போரா.

"என்ன அண்ணே, கண்டுபிடிச்சிட்டீங்களா?" மான்சு மேசைமேல் சாய்ந்து தலையை நீட்டினான்.

தேஹோ சட்டென்று அதை மூடினார். "தூசிதான் தம்பி. விசிறி அடைச்சிருக்கு. சூடு தாங்காம இதுவே வேகத்தைக் குறைச்சுக்குது. பிரிச்சுச் சுத்தம் பண்ணணும். நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்களேன்."

மான்சு அவர் முகத்தையே பார்த்தான். உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும் இல்லை.

"கை நடுங்குதே அண்ணே?"

"வயசாகுதுல்ல. சாப்பாட்டை விட்டுட்டு காப்பியாக் குடிச்சா நடுங்காம என்ன செய்யும்?"

மான்சு உரக்கச் சிரித்தான். "சரி, எதிர்ல ஒரு கிண்ணம் ஐஸ் நூடுல்ஸ் அடிச்சிட்டு வந்துடறேன்." மனைவி பக்கம் திரும்பினான். "நீ இங்கயே இரு. இவர் என்னென்ன பண்றாருன்னு கண்ணெடுக்காம பாரு." அவள் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனான். அவள் உடம்பு குறுகி, மெல்ல நிமிர்ந்தது.

எதிர்க்கடையின் கண்ணாடிக்குப் பின்னால், இவர்களைப் பார்த்தபடியே உட்கார்ந்தான். செல்போனைக் கையில் எடுத்தான்.

தேஹோ ஓரக்கண்ணால் அதைக் கவனித்தார். இப்போதும் அந்தச் செல்போனில் எங்களைத்தான் பார்க்கிறானா? அவசரமாக இணையத்தைத் துண்டித்தார். கேமராமேல் ஒரு துண்டு நாடாவை ஒட்டினார். பிறகு 'ஒலி உதவி'யின் அமைப்பைத் திறந்து படித்தார். வீட்டில் சத்தம் பெரிதானால் மட்டும் பதிவு தொடங்கும். முடிந்ததும் வெளியே யாருக்கோ தானாகப் போய்விடும். சத்தம் எதற்கு என்று யோசிக்கும் நிதானம் அவருக்கு அப்போது இல்லை. வீட்டில் இல்லாத நேரத்திலும் பெண்டாட்டியை வேவு பார்க்கிறான் பாவி, அவ்வளவுதான் தோன்றியது.

வேலை செய்வதுபோல் திருப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டு, தலை நிமிராமல் பேசினார்.

"அம்மா, நான் சொல்றதைக் கேட்டுப் பதறாதீங்க. அந்தப் பக்கம் திரும்பாதீங்க."

"சொல்லுங்க."

"தூசின்னு சும்மா சொன்னேன். இதுக்குள்ள ஒரு வேவு ப்ரோகிராம் ஒளிஞ்சிருக்கு. உங்களைப் படம் பிடிச்சு வெளிய அனுப்புது. அதனாலதான் கேம் திணறுது."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்வேனா? அவர் பக்கத்துல நிக்கறப்பவே எனக்கு உயிர் போயிடுச்சு. உங்களுக்கு அக்கா, அண்ணன்னு யாராவது இருக்காங்களா? போன் பண்ணுங்க. இன்னிக்கு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகாதீங்க."

அவள் அலமாரிக் கண்ணாடியில் தெரிந்த எதிர்க்கடையின் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்துட்டார்" என்றாள்.

மான்சு வாயைத் துடைத்துக்கொண்டு நூடுல்ஸ் கடை வாசலுக்கு வந்துவிட்டான். செல்போனைப் பையில் போட்டபடி இவர்களைப் பார்த்துக் கையசைத்தான். தேஹோ ஒளிப்பதிவுகளையும் ப்ரோகிராமையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தார். அழிக்கும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார்.

போராவின் கை பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டை இறுகப் பற்றியது. சட்டைக்கை மேலேறிக்கொண்டது. முழங்கை வரை பழுப்பும் நீலமுமாகக் கன்றியிருந்தது.

"அதை வச்சதே நான்தாங்க, சாட்சிக்கு. கேம் மட்டும் திணறாம ஓடினாப் போதும்."