பெரியப்பாவின் இருமல்

துளியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே பெரியப்பா இருமத் தொடங்கிவிட்டார்.

துளி என்பது குழந்தை. இன்னும் பேர் வைக்கவில்லை. மாதம் நிறையும் முன்பே அவசரப்பட்டுப் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் வாரக்கணக்கில் கிடந்து, இப்போதுதான் பூனைக்குட்டி அளவுக்குத் தேறியிருந்தாள்.

"நுரையீரல் இன்னும் பிஞ்சு. ஒரு சளி பிடிச்சா போதும், மறுபடியும் பெட்டிதான்," என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். "வர்றவங்க தூர நின்னு பார்க்கட்டும். யாரும் தூக்க வேணாம். கேட்டா முடியாதுன்னு சொல்லிடுங்க."

துளியின் அம்மா தலையாட்டினாள். ஆனால் அவளால் முடியாத ஒரே காரியம் அதுதான். வாசலில் விற்க வந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல், வீட்டில் நாலு டீ வடிகட்டி சேர்ந்திருந்தது.

முதலில் வந்தது கணவனின் அத்தை. கைப்பையைக் கீழே வைக்கும் முன்பே இரண்டு கையையும் நீட்டிவிட்டாள்.

"எங்கே என் தங்கம்? கொடு இப்படி."

"அது வந்து அத்தை..."

அதற்கு மேல் வரவில்லை. குழந்தையைக் கொடுத்தேவிடுவாள் போலிருந்தது.

அப்போதுதான் கூடத்து நாற்காலியிலிருந்து அந்த இருமல் கிளம்பியது. அடிவயிற்றில் புறப்பட்டு, படிப்படியாக மேலேறி, உச்சியில் கொஞ்சம் நின்று, நிதானமாக இறங்கியது.

பெரியப்பா பாட்டு வாத்தியார். இருமினாலும் சுருதி பிசகாது.

அத்தையின் கைகள் தானாக மடங்கின. "இவனுக்கு என்னடி ஆச்சு?"

"தெரியலை அத்தை. காலையில நல்லாத்தான் இருந்தார்."

"நான் இன்னொரு நாள் வரேன். எனக்கு வேற சுகர் இருக்கு."

அடுத்து வந்தவள் மாடிவீட்டுக்காரி. "லேசா மூக்கடைப்பு, அவ்வளவுதான். ஒரே ஒரு முத்தம் கொடுத்துட்டுப் போயிடறேன்," என்று குனிந்தாள்.

"அது வந்து..."

மறுபடியும் இருமல். மாடிவீட்டுக்காரி வந்த வேகத்தில் மாடியேறிவிட்டாள்.

கணவனின் ஆபீஸ்காரர்கள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

செய்தி பரவியது. குழந்தைக்குச் சட்டை வர வேண்டிய வீட்டுக்கு இருமல் மருந்தாக வந்து குவிந்தது. வாத்தியாருக்கே தொண்டை போச்சாம் என்று, பாட்டு கற்க வந்த பிள்ளைகள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

ஒரு நாள் மாலை அவள் கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க அண்ணனுக்குக் கொஞ்சமாவது யோசனை இருக்கா? பச்சைக்குழந்தை இருக்கிற வீட்டுல நடுக்கூடத்துல உட்கார்ந்து இருமுறாரு."

"அண்ணன் குழந்தை கிட்டக்கூட வரலையே."

"அது ஒண்ணுதான் குறைச்சல். குழந்தை தேறுற வரைக்கும் வேற எங்கேயாவது இருக்கச் சொல்லுங்க."

"நீயே சொல்லேன்."

"எனக்குத்தான் யார்கிட்டயும் எதையும் சொல்ல வராதே."

"ஊருக்குச் சொல்ல வராது. என்கிட்ட மட்டும் நல்லா வருது," என்று அவன் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டான்.

வேறு வழியில்லை. துளியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி, பெரியப்பாவின் அறைப் பக்கம் போனாள்.

உள்ளே பாட்டு. ஒரே மூச்சில் நீண்டுகொண்டே போன குரல். நடுவில் ஒரு செருமல்கூட இல்லை. குழாயடியில் நின்று முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார் பெரியப்பா.

"அத்தான், இருமல் எங்கே?"

அவர் எட்டி வாசலைப் பார்த்தார். "எல்லாரும் போயாச்சில்ல?"

அவளுக்கு ஒரு நிமிடம் எதுவும் ஓடவில்லை. பிறகு எல்லாமே ஓடியது. அத்தையின் நீட்டிய கை, மாடிவீட்டுக்காரியின் மூக்கு, நின்றுபோன பிள்ளைகள்.

"நீ 'அது வந்து'ன்னு இழுத்து நிறுத்துற பாரும்மா, அந்த இடத்துல நான் எடுத்துக்கிட்டேன். பக்கவாத்தியம் மாதிரி வச்சுக்கயேன்."

"அப்போ நீங்க ஏன் ஒரு தடவைகூடத் தூக்கலை?"

"இருமுறவன் குழந்தையைத் தூக்கினா எவன் நம்புவான்? ஆசை இல்லாமயா தினமும் கையைக் கழுவிக்கிட்டு இருக்கேன்?"

அவர் கையைத் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்து, அவள் துளியை அவர் நெஞ்சில் சாய்த்தாள்.

பெரியப்பா மூச்சைக்கூட அளந்து விட்டார்.

அழைப்பு மணி அடித்தது. "நான்தான்டி, அத்தை. அவன் இருமல் நின்னுச்சா? இன்னிக்குத் தூக்காம போகமாட்டேன்."

பெரியப்பா அவளைப் பார்த்தார். நெஞ்சில் துளி தூங்கிக்கொண்டிருந்தாள். இனி அவரால் இரும முடியாது.

அவள் போய்க் கதவைப் பாதி திறந்தாள்.

"அது வந்து அத்தை..." என்று இழுத்தாள். பிறகு அடிவயிற்றிலிருந்து இருமினாள்.

சுருதி கொஞ்சம் பிசகியது. பரவாயில்லை, அத்தைக்குப் பாட்டு தெரியாது.